கீழ்த்தட்டு பிள்ளைகளுக்கே

பள்ளி நூலகத்தில் புத்தகங்களை எப்படி அடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தாலே ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் தரும் டூயி தசம முறைதான் முதலில் வந்து நிற்கிறது. 1876-இல் பிறந்த அந்த முறை பெரிய நூலகங்களுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் அதில் தமிழ் இலக்கியத்துக்கு வாய்த்த இடம் 894.811. கதையையும் கவிதையையும் பிரிக்க அதற்குப் பின்னால் இன்னோர் இலக்கம் வேண்டும். நம் பள்ளி அலமாரிகளில் இருப்பவை பெரும்பாலும் தமிழ்க் கதைப் புத்தகங்கள்தானே? ஒல்லியான படக்கதையின் முதுகில் அந்த நீண்ட எண்ணை ஒட்டவே இடம் போதாது. ஒட்டினாலும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கோலன் என்ற நூலகப் பகுப்புமுறையையே உருவாக்கியவர், 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொன்னார். ஏழு வயது வாசகருக்கும் அது பொருந்தும். விலங்குக் கதைக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம் என்று வண்ணத்தாள் ஒட்டினாலே போதும். படப் புத்தகங்களை அட்டை தெரியும்படி கீழ்த்தட்டில் வையுங்கள். எந்தப் புத்தகம் எங்கே என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆசிரியர்களே, அலமாரியின் பூட்டைக் கழற்றிவிடுங்கள்.