தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பமா, வாழ்த்து மடலா?

தமிழில் அவரைத் தீயணைப்பு 'வீரர்' என்கிறோம். பிரெஞ்சு மொழியில் 'பொம்பியே' என்கிறார்கள். நீர்ப்பம்பியோடு தொழில் செய்பவர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லின் பிறப்பில் வீரமும் இல்லை, பரணியும் இல்லை. நாமோ வீரர் என்று பெயர் சூட்டிவிட்டோம். சூட்டியதோடு நின்றிருக்கலாம். அந்த வேலைக்கு விண்ணப்பிக்க உட்காரும் எம்மவர் பிள்ளைகள் பேனாவை எடுத்ததும் பரணி பாடத் தொடங்கிவிடுகிறார்கள்.

ரொறன்ரோவிலும் அதன் அயல் மாநகரங்களிலும் தீயணைப்புச் சேவைக்கு விண்ணப்பிக்கும் எம் இளைஞர்கள் சிலரின் சுயவிபரக்கோவைகள், 'கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தாருங்கள்' என்ற குறிப்போடு அண்மைக் காலமாக எனக்கு வந்து சேர்கின்றன. செய்தி மேசையில் ஆயுளைக் கழித்தவனுக்கு ஆங்கிலப் பிழை திருத்தத் தெரியும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. பிழைகள் அதிகம் இல்லை. ஆங்கிலம் வழுவழுவென்று ஓடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை யார், என்ன செய்தான், எப்போது செய்தான் என்பது மட்டும் இரண்டு பக்கம் வாசித்த பின்னும் தெரிவதில்லை. 'அச்சமறியாதவர், பிறவித் தலைமைப் பண்பு மிக்கவர், பிறர் உயிரைத் தன்னுயிரிலும் மேலாக மதிப்பவர்' என்று தொடங்கினால் அதன் பெயர் சுயவிபரக்கோவை அல்ல. ஓய்வு பெறும் அதிபருக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடல்.

'அச்சமறியாதவர்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். புகை மண்டிய வீட்டுக்குள் தனியாகப் பாய்கின்றவன் சினிமாவில் கதாநாயகன். நிலைய அதிகாரிக்கு அவன் தலையிடி. உள்ளே இருவர் சென்றால் வெளியே ஆயத்தமாக இருவர் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1998 இல் தொழிற்பாதுகாப்பு விதியே எழுதிவைத்தார்கள். இந்தத் தொழிலின் அடிப்படை, கட்டளைக்குக் கீழ்ப்பட்டுக் குழுவாக இயங்குவது. அச்சமே இல்லை என்று ஒருவன் எழுதித் தந்தால், அவனோடு உள்ளே போக வேண்டியவர் என்ன நினைப்பார்? போதாக்குறைக்கு, ரொறன்ரோவில் தீயணைப்பு வண்டிகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும் பகுதி மருத்துவ அவசரங்கள். மூச்சுத் திணறும் முதியவரின் வரவேற்பறையில் முழந்தாளிட்டு உட்காரும் வேலை அது.

இந்தப் புகழ்மாலைகளைப் பிள்ளைகள் தாமாகக் கட்டுவதில்லை. விலைக்கு வாங்குகிறார்கள். சுயவிபரக்கோவை எழுதித் தருகிறோம் என்று கடை விரித்திருப்போர், ஒரே அச்சில் வார்த்த பத்தியைக் கணக்காளருக்கும் தாதிக்கும் தீயணைப்பாளருக்கும் மாற்றி மாற்றி விற்கிறார்கள். எனக்கு வந்தவற்றுள் இரண்டில் முதற்பத்தி எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. விண்ணப்பித்த இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்! இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அதே பத்தி இனாமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

'மேற்கு நாடுகளில் தன்னைத் தானே விற்கத் தெரிய வேண்டும் ஐயா, உங்கள் காலத்து அடக்கம் இங்கே எடுபடாது' என்று எனக்கு எழுதுகிறார்கள். அடக்கத்தை நான் போதிக்கவில்லை. எங்கள் பவணந்தி முனிவரே நன்னூற் பாயிரத்தில் தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லிவிட்டு, உடனேயே சில விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதிவிடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையேயும் தன்னைப் புகழலாம் என்பன அவற்றுள் இரண்டு. வேலைக்கான விண்ணப்பம் இரண்டுக்கும் பொருந்தும். ஆக, சொல்வதற்கு இலக்கணமே அனுமதி தந்திருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு ஆற்றலைப் பற்றியது. ஆற்றலைச் சொல்ல வினைச்சொல்லும் எண்ணும் திகதியும் வேண்டும். இவர்கள் வைத்திருப்பதோ பெயரடைகள் மட்டுமே. எந்த உதவி ஆசிரியரும் முதல் வேலையாக வெட்டி எறிவது அவற்றைத்தான்.

அப்படியானால் எதை எழுதுவது? ஒன்ராறியோ மாகாணத்தையே எடுத்துக்கொள்கிறேன். எம்மவர் அதிகம் விண்ணப்பிப்பது அங்கேதான். கட்டாயத் தகைமைகள் முதற்பக்கத்தின் தலைமாட்டில், ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தீயணைப்பாளர் முதலாம், இரண்டாம் நிலைச் சான்றிதழ் இருந்தால் எங்கே, எந்த ஆண்டு பெற்றது, எந்த அங்கீகார முத்திரை அதில் உண்டு என்பன. என்.எப்.பி.ஏ. 1001 என்று வழங்கிவந்த அந்த நியமம் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் 1010 என்ற தொகுப்பினுள் சேர்க்கப்பட்டுவிட்டது. உங்கள் சான்றிதழில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். புதிதாகத் தோன்றட்டும் என்று மாற்றி எழுத வேண்டாம். 2022 இல் வந்த 343/22 ஆம் இலக்க ஒழுங்குவிதிக்குப் பிறகு சான்றிதழ் என்பது அந்த மாகாணத்தில் வெறும் அலங்காரம் அல்ல. அடுத்தது சாரதி அனுமதிப் பத்திரம். பல மாநகரங்கள் கேட்பது டி.இசட். வகை: 11,000 கிலோவுக்கு மேற்பட்ட பார வண்டியும் காற்றழுத்தத் தடுப்பும். 'வாகனம் ஓட்டத் தெரியும்' என்று நான்காம் வரியில் எழுதியிருந்த தம்பியிடம் அந்த அனுமதிப் பத்திரம் உண்மையிலேயே இருந்தது! அவர் அதை எழுதவில்லை. தன் 'தணியாத சேவை வேட்கை'யைத்தான் எழுதியிருந்தார்.

முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழ்களுக்குக் காலாவதித் திகதி உண்டு. அதைச் சேர்த்தே எழுத வேண்டும். உடற்றகுதியும் அப்படித்தான். 'கட்டுடல் உடையவர்' என்பது மணமகள் தேவை விளம்பரத்துக்குப் பொருந்தும். வட அமெரிக்காவில் பல படைகள் ஏற்கும் சி.பி.ஏ.ரி. பரீட்சையில் 50 இறாத்தல் எடையுள்ள அங்கியோடு எட்டுப் பணிகளை 10 நிமிடம் 20 செக்கனுக்குள் முடிக்க வேண்டும். அதில் அல்லது அந்த மாநகரம் ஏற்கும் வேறொன்றில் எப்போது தேறினீர்கள் என்ற ஒரு வரி, கட்டுடல் பற்றிய பத்து வரிகளைத் தள்ளிவிடும்.

எனக்கு மிகுந்த எரிச்சலை ஊட்டுவது இன்னொன்று. எம் பிள்ளைகள் உண்மையான தகுதியை ஒளிக்கிறார்கள். உணவகச் சமையற்கட்டில் நான்கு ஆண்டுகள் இரவு வேலை செய்தவன் அதை எழுத வெட்கப்படுகிறான். அல்லது பெற்றோர் எழுதவிடுவதில்லை. 'கோப்பை கழுவினதை ஏன் ஊருக்குச் சொல்லுவான்' என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். அம்மா, வெக்கையில் நின்று, நெருக்கடியில் தலைமைச் சமையற்காரரின் சொற்படி நாலைந்து பேரோடு ஒத்து இயங்கி, எண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதைக் கண்ணால் கண்டு படித்தவன் உங்கள் மகன். கூரை வேய்ந்தவனும் மின்னிணைப்பு வேலை செய்தவனும் களஞ்சியத்தில் பாரம் தூக்கியவனும் அப்படியே. சுவருக்குள் என்ன ஓடுகிறது, கூரை எங்கே பாரத்தைத் தாங்கும் என்று அறிந்தவன் தீயணைப்பு வண்டியில் வேண்டப்படுபவன். 'உணவகத்தில் பணி' என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, வாரம் எத்தனை இரவு, எத்தனை பேர் கொண்ட குழு, புதியவர் எத்தனை பேரைப் பழக்கினாய் என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவரும் பொறியியலாளருமே மனிதர் என்று வளர்த்துவிட்டு, ரொறன்ரோவில் முதல் தரத் தீயணைப்பாளர் ஆண்டுக்கு 1,00,000 டொலருக்கு மேல் பெறுகிறார் என்று கேள்விப்பட்டதும் 'நீயும் போட்டுப் பார்' என்று தள்ளுகிறோம். தள்ளும்போதாவது அவன் பட்ட பாட்டை மறைக்காமல் இருப்போம்.

தமிழையும் ஒளிக்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஆங்கிலம் தெரியாத அப்பம்மா ஒருவரிடம் 'எங்கே நோகிறது' என்று கேட்கத் தெரிந்தவன் அந்தக் குழுவுக்குப் பெறுமதியானவன். ஆனால் 'பன்மொழிப் புலமை' என்று எழுதினால் அது மறுபடியும் வாழ்த்து மடல். 'தமிழ்: சரளமாகப் பேசுவேன், வாசிப்பேன், எழுத்து ஓரளவு' என்று எழுதினால் விபரம். கோயிற் தொண்டும் இப்படியே. திருவிழாவில் சனக்கட்டுப்பாட்டுக்கு நின்றீர்களா, எத்தனை நாள், யாருடைய பொறுப்பின் கீழ் என்று எழுதுங்கள். 'சமூக சேவையாளர்' வேண்டாம்.

ஊரிலிருந்து நாம் காவிச் சென்ற பழைய படிவம் ஒன்றும் உண்டு. பிறந்த திகதி, சமயம், விவாக நிலை, தகப்பனார் பெயர், புகைப்படம், கிராம அலுவலர் சான்றிதழ், சமாதான நீதவானின் நற்சான்றிதழ். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை வயதையும் சமயத்தையும் குடும்ப நிலையையும் வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது; நாமோ கேட்காமலே அவற்றைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். பாகுபாடு அங்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அதற்கு வசதி செய்து கொடுக்க வேண்டாம் என்கிறேன். நற்சான்றுக்குக் கோயிற் தலைவரின் பெயரைப் போடுவதும் வீண். அவர் உங்களை விழாவில் கண்டவர். வேலையில் கண்ட மேற்பார்வையாளர், பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஆகியோரின் பெயர்களைக் கொடுங்கள், அதுவும் அவர்களிடம் கேட்ட பிறகு.

பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். அங்கே பல தீயணைப்புப் படைகள் சுயவிபரக்கோவையைக் கேட்பதே இல்லை. தம் சொந்தப் படிவத்தில், இன்ன சந்தர்ப்பத்தில் நீர் என்ன செய்தீர் என்று கேட்கின்றன. வாங்கிய பத்தியை ஒட்டுவதற்கு அங்கே இடமே கிடையாது.

கடைசியாகப் பெயர். சாரதி அனுமதிப் பத்திரத்தில் தகப்பனார் பெயரோடு நீண்ட பெயர், முதலுதவிச் சான்றிதழில் பாதிப் பெயர், கல்லூரிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், விண்ணப்பத்தில் நண்பர்கள் அழைக்கும் சுருக்கப் பெயர். நான்கும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடிப்பது விண்ணப்பத்தை வாசிப்பவரின் வேலையல்ல. பின்னணிச் சோதனை வேளையில் இது வீண் இழுபறியாகும். அனுமதிப் பத்திரத்தில் உள்ளதையே எங்கும் எழுதுங்கள். சுருக்கப் பெயர் வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் வரட்டும். மற்றச் சான்றிதழ்களைத் திருத்தி எடுக்க நாட்கள் பிடிக்கும். ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்வரை காத்திராமல் இப்போதே எழுதிப் போடுங்கள்.