அறிவியல் அறிவோம்: எண்கள் மூன்று, ஈர்ப்பு ஒன்று



சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது இனியதொரு வழக்கைக் கேட்க நேர்ந்தது. மேலிருந்து விழும் பொருளின் முடுக்கம் எவ்வளவு என்பதே வழக்கு. வீட்டுப் பெரியவர், தாம் திருச்சியில் பள்ளியில் மனனம் செய்தபடி, "முப்பத்திரண்டு" என்றார். புனேயில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் பேரன், "இல்லை தாத்தா, ஒன்பது புள்ளி எட்டு" என்றான். கல்லூரியில் நிலவியல் பயிலும் பேத்தியோ, "எங்கள் வகுப்பில் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு என்றல்லவா எழுதுகிறோம்!" என்றாள். மூவரும் என்னை நடுவராக்கினர். மூவர் சொல்லும் சரியே என்று தீர்ப்பளித்தேன். ஒருவருக்கும் மனநிறைவு உண்டாகவில்லை. ஆகவே தீர்ப்பின் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

வேகம் வளரும் அளவே முடுக்கம். விழத் தொடங்கிய கல், முதல் வினாடியின் முடிவில் வினாடிக்கு 32 அடி வேகமும், இரண்டாம் வினாடியின் முடிவில் 64 அடி வேகமும் பெறுகிறது. இதனையே 'வினாடிக்கு வினாடி 32 அடி' என்று பழைய நூல்கள் கூறும். பேரன் அதனை மீட்டரில் சொன்னான். பேத்தி செண்டிமீட்டரில் சொன்னாள். அவரவர் அலகைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் வழக்கே எழுந்திராது.

பேத்தி கூறிய அலகிற்குத் தனிப்பெயர் உண்டு. வினாடிக்கு வினாடி 1 செண்டிமீட்டர் என்னும் முடுக்கத்தை, இத்தாலிய அறிஞர் கலிலியோவின் பெயரைச் சுருக்கி, 'கால்' என்று வழங்குகின்றனர். நம் வாய்ப்பாட்டில் அரைக்கு முன் வரும் கால் அன்று இது! இதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகால்.

அடி அளவிலிருந்து இவ்வளவிற்கு மாற்றும் திறவுகோல் ஒன்றே. 1 அடி என்பது 30.48 செண்டிமீட்டர், 1959-இல் ஆங்கில அளவுகளைக் கையாண்ட நாடுகள் பல உடன்பட்டு உறுதி செய்த துல்லியமான அளவு இது. எனவே வினாடிக்கு வினாடி 1 அடி என்பது 30.48 கால், அதாவது 30,480 மில்லிகால். அடியை மில்லிகாலாக்க 30,480-ஆல் பெருக்குக. மில்லிகாலை அடியாக்க அதே எண்ணால் வகுக்க. 'வினாடி' இருமுறை வருவதால் இருமுறை பெருக்க வேண்டுமோ என்று மாணவர் சிலர் மயங்குவர். வினாடி எம்முறையிலும் ஒன்றே. மாறுவது நீளம் மட்டுமே.

இத்துணைச் சிறிய அலகு எதற்கு என்று கேட்கலாம். நிலத்திலிருந்து ஒரு மீட்டர் உயர்ந்தால் புவியீர்ப்பு ஏறக்குறைய 0.31 மில்லிகால் குறைகிறது. மாடிப்படி ஏறி மேல்தளம் சென்றாலே ஏறத்தாழ 1 மில்லிகால் குறைந்துவிடும். நம் நகரிலிருந்து சிங்ஹகட் கோட்டை சுமார் 750 மீட்டர் உயர்ந்தது. உயரத்தை மட்டும் கருதினால் அங்கே குறைவது ஏறக்குறைய 231 மில்லிகால். அடிக் கணக்கில் இது 0.0076, 50 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிராம் அளவே. மலையின் பாறையும் ஈர்ப்பதால் உண்மையான வேறுபாடு இதனினும் குறையும். இந்நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே நிலத்தடியில் அடர்ந்த பாறை எங்குள்ளது, இலேசான படிவம் எங்குள்ளது என்று ஆய்வாளர் உய்த்துணர்கின்றனர்.

நுண்ணளவிலிருந்து பேரளவிற்கு வருவோம். 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன், புனேக்குத் தெற்கே ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொய்னாவை நிலநடுக்கம் தாக்கியது. 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணையினுள் பொருத்தியிருந்த கருவி, அணையின் நீளவாக்கில் அசைவின் உச்சம் புவியீர்ப்பில் 0.63 பங்கு என்று பதிந்தது. அது 618 கால். அடிக் கணக்கில் 20.3. அணையை வடிவமைத்தபோது கருதியதோ 0.05 பங்கு, அதாவது 49 கால், அல்லது 1.6 அடி. வடிவமைப்பில் நிலையாகக் கொள்ளும் அளவும் கணநேர உச்சமும் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்கன அல்லவெனினும், இடைவெளி பெரிது என்பது தெளிவு. 103 மீட்டர் உயர அணை நின்றது, ஆயினும் மேற்பகுதியில் விரிசல் கண்டது, பின்னர் வலுப்படுத்தப்பட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த 20 என்னும் எண்ணை ஒருவர் அலகின்றி எழுதிவைக்க, மற்றொருவர் அதனைக் கால் என்று கொண்டால் என்ன ஆகும்? 20 கால் என்பது புவியீர்ப்பில் ஐம்பதில் ஒரு பங்கே. அணையில் விரிசல் விழச்செய்த அசைவு, முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனை நம்பிக் கட்டும் சுவரின் கீழ் உறங்குவோர் நம் மக்களே அல்லரோ? 1916-இல் தொடக்கம் பெற்று இன்று கடக்வாஸ்லாவில் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், அணைகளின் பாதுகாப்பு இத்தகைய எண்களைக் கொண்டே ஆராயப்படுகிறது.

வீட்டில் தமிழும் வீதியில் மராத்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வாழ்பவர் நாம். மொழி மாறினும் பொருள் மாறாமல் காப்பது நமக்குப் பழகிய கலை. அளவிலும் அதுவே நெறி: எண்ணை எழுதிய கை, அலகையும் எழுதாமல் ஓயலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு கணக்கு: 15,240 மில்லிகால் என்பது அடிக் கணக்கில் எவ்வளவு? அரை அடி என்று வரவில்லையாயின், தாத்தாவை அருகில் அமர்த்திக்கொண்டு மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.