படிகத்தின் பிறப்பும் நமது சோதனைச் சாலையும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. உழவன் களத்து நெல்லை மட்டும் நோக்குவானல்லன். வயலில் முளையையும் நோக்குவான். நம் கல்லூரி இரசாயனச் சாலையிலோ முளையை நோக்குவார் மிகச் சிலரே. விடை சரியாயின் மதிப்பெண் உண்டு. அவ்விடை எவ்வழியே வந்தது என்று கேட்பாரில்லை. இவ்வழக்கம் விஞ்ஞானப் பயிற்சிக்கு ஒவ்வாது என்பதே என் கருத்து. இதனைச் சூரிய மின்கலத்துக்கென ஆக்கப்படும் குறைகடத்தி நுண்படிகங்களின் பிறப்பைக் கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

சூரிய மின்கலங்களிற் பெரும்பாலானவை சிலிக்கனால் ஆயவை. சிலிக்கன் ஒளியை மெல்லவே கவருமாதலின், அதன் தகடு நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்திருத்தல் வழக்கம். செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் என்னும் நான்கும் கூடிய குறைகடத்திக்கோ ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கனமுள்ள மென்படலமே போதும். இந்நான்கும் கிடைத்தற்கு அரியனவல்ல. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மூன்று ஆய்வுக் குழுவினர் இப்பொருளை நுண்படிகங்களாக ஆக்கும் முறைகளைத் தனித்தனியே வெளியிட்டனர். அவர்களுள் பர்டியூ பல்கலைக்கழகத்தார், 2010-இல், அப்படிகங்களை மைபோலத் திரவத்திற் கலந்து, கண்ணாடிமேற் படலமாகப் பூசி, செலீனிய ஆவியிற் சுட்டு, விழும் ஒளியாற்றலில் நூற்றுக்கு 7.2 பங்கை மின்சாரமாக்கும் கலத்தைச் செய்து காட்டினர்.

அப்படிகங்கள் பிறக்கும் விதம் யாது? எண்ணெய் போன்ற ஓலியிலமீன் என்னும் திரவத்தில் மூன்று உலோகங்களின் உப்புக்களையும் கரைத்து, காற்றுப் புகாவண்ணம் காத்து, ஏறத்தாழ 225 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றிக் கந்தகக் கரைசலைச் சடுதியில் உட்செலுத்துவர். உடனே கரைசல், தான் தாங்கக்கூடிய அளவினும் மிகுந்த பொருளைத் தாங்கி நிற்கும் நிலையை அடைகின்றது. எண்ணிறந்த கருக்கள் ஒருங்கே தோன்றுகின்றன. அதனாற் செறிவு குறையவே, புதிய கருக்கள் தோன்றுதல் நின்று, தோன்றியவை மட்டும் வளர்கின்றன. ஒரே காலத்துப் பிறந்தவையாதலின் அவை ஏறக்குறைய ஒத்த அளவினவாக அமைகின்றன. நெடுநேரம் விட்டுவைப்பின், சிறியவை கரைந்து பெரியவற்றைப் பெருக்கும், ஒப்புமை கெடும்.

நிற்க. நான்கு தனிமங்களும் ஒரே கணத்திற் கைகோத்துப் படிகமாகும் என்று நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. வினை நடக்கும்போதே இடையிடையே சிறிது சிறிதாக எடுத்து ஆராய்ந்தோர், செம்பும் கந்தகமுமே முதலிற் கூடிக் கருவாகின்றன என்று கண்டனர். வெள்ளீயமும் துத்தநாகமும் பின்னரே அதனுட் புகுந்து, செம்பிற் சிறிதை வெளியேற்றி இடங்கொள்கின்றன. இவ்வொழுங்கு தவறினால் துத்தநாகம் கந்தகத்தோடு தனியே கூடி ஒதுங்கிவிடும். படலத்தின் மின்திறன் குன்றும்.

இங்கேதான் கருதத்தக்க செய்தி ஒன்றுளது. ஆக்கிய பொருளை எக்ஸ் கதிராற் சோதித்தால், நாம் வேண்டிய படிகத்தின் கோடுகளும், தனித்து ஒதுங்கிய துத்தநாகக் கந்தகையின் கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன! பொருள் தூயதென்று அச்சோதனை சொல்லும். உள்ளே கலப்பு மறைந்திருக்கும். 1928-இல் நம் நாட்டு இராமன் கண்ட ஒளிச்சிதறல் முறையும் துணைவரின் அக்கலப்பை ஒருவாறு காணலாம். ஆயினும் அது எப்பொழுது, எதனாற் புகுந்தது என்பதை வினையின் போக்கைக் கவனித்தவனே அறிவான். முடிவை மட்டும் நோக்குபவன், முடிவைப் பற்றியும் ஏமாறுகின்றான்.

‘இவை பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு உரியவை, நமக்கு அத்தகைய கருவிகளும் இல்லை, காலமும் இல்லை’ என்று நண்பர் சிலர் கூறுவர். அவர்களுக்கு நம் சோதனைச் சாலையிலேயே விடை இருக்கின்றது. சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் அமிலத்தை ஊற்றி, குடுவையின் கீழ் வைத்த காகிதத்திலுள்ள குறி மறையும் நொடியைக் குறித்துக்கொள்ளும் சோதனையை நம்மில் அறியாதார் யார்? குறி மறைந்ததும் கடிகாரத்தை நிறுத்துகின்றோம், எண்ணை எழுதுகின்றோம், குடுவையைக் கழுவிவிடுகின்றோம். அமிலம் ஊற்றிய பின்னும் கரைசல் சிறிது நேரம் தெளிவாகவே நின்றதே, அஃது ஏன் என்று கேட்டோமா? கொலம்பியா பல்கலைக்கழகத்து லாமரும் டினெகரும் கேட்டனர். அத்தெளிவான வேளையிற் கந்தகத்தின் செறிவு ஏறிக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டியதும் கருக்கள் ஒருங்கே தோன்றுகின்றன என்று 1950-இல் விளக்கினர். இன்று மின்கலப் படிகங்களை ஆக்குவோரும் அவ்விளக்கத்தையே அடிப்படையாகக் கொள்கின்றனர். நாம் கழுவிக் கொட்டிய குடுவைக்குள்ளேயே அவ்வுண்மை கிடந்தது.

ஆதலின் யான் வேண்டுவது பெரிதன்று. அடுத்த முறை அச்சோதனையைச் செய்யும் மாணவர், அமிலத்தை நீர்த்ததாக்கி, குடுவையின் பக்கத்திலிருந்து ஒரு கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சுக. கலங்கல் நன்கு தோன்றுமுன்னரே மெல்லிய நீல ஒளி சிதறுவதையும், ஊடுருவிச் செல்லும் ஒளி நேரஞ்செல்லச் சிவப்பதையும் காணலாம். கண்டதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுதுக. எதிர்பார்த்தபடி நடவாததையும் அடித்துவிடாது எழுதுக. ஆசிரியப் பெருமக்களும் விடைக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அக்குறிப்புக்கு ஒதுக்குவாராக. அரசாங்கப் பாடத்திட்டம் மாறும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

விடை பலருக்கும் ஒன்றாயிருக்கலாம்; அவ்விடைக்குச் சென்ற வழியைக் கண்டு எழுதியவனிடமே விஞ்ஞானம் தங்கும். முளையை நோக்கக் கற்போமாக. விளைவு தானே வரும்.