ரப்பர் டிராக்கா... இரும்புச் செயினா?

கேள்வி: “தென்னந்தோப்பில் குழி எடுக்கவும் வாய்க்கால் வெட்டவும் 3 டன் மினி ஹிட்டாச்சி ஒன்றைக் கடனில் வாங்க இருக்கிறேன். மீதி நாள்களில் வாடகைக்கு விடலாம் என்று திட்டம். ரப்பர் டிராக் நல்லதா, இரும்புச் செயின் நல்லதா?”

- வாசகர், ஆனைமலை.

பதில்: விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டி எந்த மண்ணில் வேலை செய்யப்போகிறது, எந்தப் பாதையில் போய் வரப்போகிறது என்பதுதான் முக்கியம்.

தோப்பு வேலைக்கு ரப்பர் டிராக்கே பொருத்தம். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் இருக்கும். இரும்புச் செயின் வண்டி திரும்பும்போது, அதன் பற்கள் மேல்மண்ணைப் பறித்துவிடும். வேரும் சொட்டுநீர்க் குழாயும் சேர்ந்து அடிபடும். ரப்பரில் இந்தச் சேதம் குறைவு. தார் ரோட்டையும் தைரியமாகக் கடக்கலாம்.

ஆனால், காங்கேயம், தாராபுரம் பக்கம் சரளைக் காடுகளுக்கு வாடகைக்குப் போனால் கதை வேறு. ரப்பர் டிராக்குக்குள் உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. கூரான வெங்கச்சங்கல் ரப்பரைக் கிழித்து, உள்ளே ஈரம் இறங்கினால், கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்து டிராக்கை முழுசாக மாற்ற வேண்டியதுதான். அதுவரை வண்டி நிற்கும்; கடன் தவணை நிற்காது. இரும்புச் செயினில் தேய்ந்த பிளேட், பின், புஷ் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றலாம். ஆனால், தார் ரோட்டைக் கெடுக்கும் என்பதால், பக்கத்து ஊருக்குக்கூட லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

இரண்டு வேலையும் சரிபாதி என்றால், இரும்புச் செயினில் போல்ட் போட்டுப் பூட்டும் ரப்பர் பேடுகள் இருக்கின்றன. தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்றலாம். நீங்கள் வாங்கும் மாடலுக்கு அது பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று டிராக் ஒரு ஜோடி என்ன விலை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ரப்பர் டிராக் வாங்கினால், கல் தரையில் நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றாதீர்கள். முன்னும் பின்னும் எடுத்து வளையுங்கள். டிராக் தொய்ந்தால் கழன்றுவிடும். அதிகம் இறுகினால் உருளைகள் தேயும். கையேட்டில் உள்ள அளவுப்படி தொய்வைச் சரிபாருங்கள். டீசல், ஆயில், பொட்டாஷ் உரம் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். வேலை முடிந்ததும் நிழலில் நிறுத்துங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், வாடகைக்குக் கூப்பிடக்கூடிய தோட்டங்களைப் பட்டியல் போடுங்கள். அதில் கல் காடு எத்தனை என்று எண்ணினால், எதை வாங்குவது என்பது தெரிந்துவிடும். பட்டியலே சிறியதாக இருந்தால், வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.