கணவாய்க்குக் காவல் வைத்த கோட்டை

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பே கியரை மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். பீரங்கி இழுக்கும் மாடுகளுக்கு அது வழியே அல்ல. அங்கே மலையே மதில். வடக்கே வாளையாறு பக்கம் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத வாசல் போலத் திறந்து கிடக்கிறது. உடுமலை, பொள்ளாச்சி வரை காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வருவது அந்த வழியாகத்தான். படைகள் வந்ததும் அந்த வழியாகத்தான்.

1766-இல் மைசூரின் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியதன் காரணம் இந்தக் கணவாய்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, கோழிக்கோட்டு சாமூதிரியின் படையெடுப்பைத் தாங்க முடியாமல் பாலக்காட்டை ஆண்ட அச்சன் ஹைதரிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். உதவிக்கு வந்த மைசூர்ப் படைக்கு ஊரின் அருமை புரிந்துவிட்டது. ஒரு பக்கம் கொங்கு நாடு, மறுபக்கம் மலபார். நடுவில் உட்கார்ந்தால் இரண்டையும் பிடிக்கலாம். ஊருக்கு வடக்கே கல்பாத்திப் புழை, தெற்கே கண்ணாடிப் புழை என இரண்டு ஆறுகளின் தண்ணீரும் உண்டு.

இன்று கோட்டைக்கு வருகிற பலர் ‘திப்பு கோட்டை’ என்று சொல்லி, அகழிப் பாலத்தில் செல்ஃபி எடுத்து, உள்ளே ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, வண்டியை மலம்புழை அணைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு கோட்டை முடிந்துவிடுகிறது! ராஜா, ராணி அறைகளைத் தேடிப் போனால் இங்கே ஏமாற்றம்தான். இது மாளிகை இல்லை, படை தங்கிய இடம். மூலைக்கு மூலை துருத்தி நிற்கும் கொத்தளத்தில் ஏறிப் பக்கத்து மதிலைப் பார்த்தால், கட்டியவரின் கணக்கு விளங்கும். அகழியைத் தாண்டி மதிலடிக்கு வருபவன்மீது பக்கவாட்டிலிருந்து சுடுவதற்கு வாகாகத்தான் அந்தத் துருத்தல். பீரங்கிக் காலத்துக் கோட்டையின் இலக்கணம் அது.

அப்படியும் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. 1768-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் தாராபுரத்தைப் பிடித்த பிறகு, ஆனைமலைக் காட்டுக்குள் மழையோடு மல்லுக்கட்டிப் படை நடத்தி வந்து, 11 நாள் முற்றுகையில் இதை எடுத்தார். அடுத்த ஆண்டே அது கை நழுவியது. 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தபின் ஹைதரின் மகன் திப்புவுக்கு எதிரான போரில் கும்பினியாருக்கு இதுவே தளமானது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மலபாரே கும்பினியிடம் போயிற்று. போர் ஓய்ந்ததும் கோட்டைக்குள் தாலுகா கச்சேரியும் சிறைச்சாலையும் வந்தன. 1862-இல் சென்னையையும் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதையும் இதே கணவாயில் நுழைந்தது.

இந்தக் கதையில் பாதி தமிழ்நாட்டுக் கதை. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. தாராபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரை இந்தக் கோட்டை வரலாற்றில் கேட்டால் உற்சாகப்படுவார்கள். தொல்லியல் துறை வாயிலில் கணவாயையும் இரு ஆறுகளையும் படைகள் வந்த வழியையும் காட்டும் பெரிய நிலப்படம் ஒன்றை, மலையாளத்தோடு தமிழிலும் எழுதி வைக்கலாம். ஒலி ஒளிக் காட்சியைவிடச் செலவு குறைவு, பயன் அதிகம்.

அகழியை ஒட்டிக் காலையில் நடைப்பயிற்சி செய்யும் உள்ளூர்க்காரர்களை மட்டும் எந்தத் திட்டமும் விரட்டிவிடக் கூடாது. கோட்டை ஊரோடு ஒட்டியிருப்பது அவர்களால்தான். வெளியூர்க்காரர்கள் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு காலையில் கோட்டை, பிறகு கல்பாத்தி அக்கிரகாரமும் ஆற்றுப் படித்துறையும், நேரம் இருந்தால் மேற்கே இரு புழைகளும் கூடிப் பாரதப்புழையாகும் பறளி என்று போய் வரலாம். மலம்புழையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.