சுருட்டை முடி என்ன குற்றம் செய்தது?

ஊத்தங்கரைப் பக்கம் வேலைக்குக் கிளம்பும் சுருட்டை முடிப் பெண்ணுக்கு இப்போது ஓர் அறிவுரை இலவசமாகக் கிடைக்கிறது: "ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிட்டுப் போ, அப்பத்தான் டீசன்ட்டா இருக்கும்." அத்தை சொல்கிறார், பார்லர் அக்கா சொல்கிறார், பெண் பார்க்க வருபவர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள். இதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்றும் தேறவில்லை.

வேலைக்கு வேண்டும் என்பது முதல் காரணம். போச்சம்பள்ளி சிப்காட்டில் உள்ள ஓலா ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது ஒன்றுதான்: முடி வெளியே தொங்கக் கூடாது. சுருட்டை முடியில் போட்ட கொண்டை லேசில் அவிழாது, நேர்முடிதான் ஹேர்பின்னை விட்டு வழுக்கும். தொப்பிக்குள் போகப்போகிற முடிக்கு முதல் சம்பளத்தில் சில ஆயிரத்தை ஏன் கொட்ட வேண்டும்?

போர் தண்ணீரால் முடி சுருண்டுவிட்டது என்பார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். சுருட்டாது. சுருளா நேரா என்று தீர்மானமாவது தோலுக்குள், முடி முளைக்கும் குழியின் வளைவில். அது பரம்பரையாக வருவது.

சுருட்டை என்றாலே பரட்டை என்பதுதான் பழைய பழி. '16 வயதினிலே' (1977) படத்தில் ரஜினிகாந்தின் பாத்திரத்துக்கே அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடிப் பிள்ளைகளுக்கு இன்றும் அந்தப் பட்டம் விழுகிறது. பரட்டை ஆவது முடியின் குணத்தால் இல்லை, சீவும் விதத்தால். காய்ந்த சுருளில் நெருக்குப் பல் சீப்பை ஓட்டினால் சுருள் பிரிந்து பொங்கும், முடியும் ஒடியும். ஈரத்தில், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தால் படியும். செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் அரைத்துத் தேய்த்த பாட்டிமாருக்கு இது தெரியும். அந்தக் கொழகொழப்புதான் சிக்கை இளக்குகிறது.

"சுருட்டையை அப்படியே விடுறதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன், யூடியூப் பார்த்துக் கெட்டுப் போச்சுங்க" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 'கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்' என்று சொல்லி வைத்தது எந்த யூடியூப்? (கோரை முடிக்காரர்களுக்கு அந்தப் பழமொழி இழைத்த அநியாயம் தனிக் கதை.) வெளியிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம்தான். முடியை நேராக்காமல் வேலைக்குப் போக முடியாது என்ற நிலையில் தலைமுறைகளாக ரசாயனம் பூசியவர்கள் அவர்கள். 1960களில் சுருளை நேராக்காமல் அப்படியே வளரவிடும் 'ஆஃப்ரோ' வைத்தே அரசியல் பேசினார்கள். இயற்கை முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. அவர்கள் பட்டது நிறவெறி. நம் ஊர்க் கேலியை அதற்குச் சமமாக வைக்க மாட்டேன். ஆனால் கறுப்பையும் சுருட்டையையும் சேர்த்தே கேலி செய்யும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. இன்னொரு வேடிக்கை: திருப்பதியில் காணிக்கையாகும் முடி ஏலம் போய், விக்காகவும் இணைப்பு முடியாகவும் அந்தப் பெண்களின் தலைக்கே போய்ச் சேர்கிறது. இயற்கைச் சுருள் என்று சொல்லியே விற்கும் ரகமும் அதில் உண்டு.

"ஒரு தடவை பண்ணினாப் போதும், ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சைத்தான் எளிதில் விடக்கூடாது. மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைத்து முடியை நேராக்குகிறது. புதிதாக முளைப்பது சுருண்டே வரும். ஆறேழு மாதத்தில் தலை இரண்டு விதமாகிவிடும், மறுபடி பார்லர். கெரட்டின் என்று விற்கும் பல கலவைகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் முடி நேராக்கும் மருந்தைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது முடிவுகட்டவில்லை. ஆனாலும் "ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொல்ல இனி இடமில்லை. நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கும் பார்லர் பெண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆசைப்பட்டு நேராக்கிக்கொள்பவரை நான் தடுக்கவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் அதுவும் ஃபார்மால்டிஹைடுதான். லேபிள் கிழிந்த பாட்டில் என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம்.