மின்சாரக் காருக்கு நகை எதற்கு?

புது மாட்டுக்குச் சலங்கை கட்டுவதுபோல், புதுக் காருக்கும் எதையாவது மாட்டினால்தான் நம்மவர்களுக்குத் தூக்கம் வரும்!

காடாம்புலியூரில் ஒருவர் முந்திரி விற்ற பணத்தில் எஸ்.யூ.வி. என்கிறார்களே, அந்த உயரமான மின்சாரக் காரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முன்பக்கம் இரும்புக் கம்பி பொருத்துவார். அது கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே சொல்லிவிட்டது. மோதும்போது காற்றுப் பை சரியாக விரியாமல் போகலாம். குறுக்கே வருபவரின் எலும்பும் முறியும்.

அடுத்து, கூரைமேல் கேரியர். பலாப்பழம் ஏற்ற வசதிதான். ஆனால் சென்னைச் சாலையில் வேகமாகப் போகும்போது காற்று அதில் முட்டும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். பழத்தைப் பின்பக்கம் உள்ளேயே வைக்கட்டும். நாலு நாள் வாசனை இருக்கும், அவ்வளவுதானே!

மிச்சமாகும் பணத்தில் வீட்டில் சார்ஜ் ஏற்றத் தனி ஒயரும் நல்ல எர்த்தும் போடலாம். அது யார் கண்ணிலும் படாது. ஆனால் இரவெல்லாம் மின்சாரம் பாய்வது அந்த ஒயர் வழியாகத்தான்.

ஓட்டும்போது காலை எடுத்தாலே வேகம் குறையும். கொஞ்சம் மின்சாரம் பாட்டரிக்கே திரும்பும். ஊருக்குள் மெல்லப் போகட்டும். இந்தக் காருக்கு உறுமல் கிடையாது. ஆடு ஓட்டிப் போகும் பாட்டிக்கு அது பின்னால் வருவது கேட்காமல் போகலாம்.